ஒரு பொத்தான், 900 எஸ்எம்எஸ்: பால் சொசைட்டி சர்வரில் வேகக் கட்டுப்பாடு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் வீட்டுக்கு இரண்டு மாடாவது நிற்கும். பால் ஊற்றுகிறவர்களில் தமிழ் படிப்பவர்களும் உண்டு, மலையாளம் படிப்பவர்களும் உண்டு. அங்குள்ள பால் சொசைட்டி ஒன்றை மாதிரியாக வைத்துக்கொள்வோம். பல சேகரிப்பு மையங்கள், 900 உறுப்பினர்கள், காலை மாலை இரு வேளை. அளவு, கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), தொகை ஆகிய நான்கும் ஒவ்வொருவர் கைபேசிக்கும் எஸ்எம்எஸ் சீட்டாகப் போக வேண்டும். செய்திகளை வாங்கிக் கைபேசி நிறுவனங்களிடம் சேர்க்கும் எஸ்எம்எஸ் கேட்வே விநாடிக்கு 5 மட்டுமே ஏற்கும். சர்வரில் ஸ்கிரிப்ட் எழுத பிஎச்பி, டேட்டாபேஸாக மைஎஸ்க்யூஎல், வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. கோளாறுகள் இப்படிப்பட்ட அமைப்பு எங்கிருந்தாலும் வருபவை.

கேட்வேக்குப் பதிலாக ஒரு ஆண்ட்ராய்டு போனை சர்வரோடு கட்டிவிடலாமே என்ற யோசனை பலருக்கும் முதலில் வரும். ஒரு செயலி குறுகிய நேரத்தில் அளவுக்கு மேல் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஆண்ட்ராய்டே குறுக்கிட்டு அனுமதி கேட்கும்.   தவிர, சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து நிறுவனச் செய்தி அனுப்புவதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் ஏற்பதில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது

இத்தகைய அமைப்புகளில் முதலில் எழுதப்படும் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இதுதான்: காலை 7.30-க்கு அளவை முடிந்ததும் செக்ரட்டரி 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்துவார். அந்தப் பக்கமே உறுப்பினர் பட்டியலை ஒன்றாம் எண்ணிலிருந்து எடுத்து, ஒவ்வொருவருக்கும் கேட்வேயைக் கூப்பிடும். ஒரு அழைப்புக்கு சுமார் 0.1 விநாடி. அதாவது விநாடிக்கு 10; கேட்வே ஏற்பது 5. மிச்சத்துக்கு எச்டிடிபி 429 என்ற மறுப்பு வரும். 'அளவுக்கு மிஞ்சிய கோரிக்கை' என்பதற்காகவே 2012-இல் ஆர்எஃப்சி 6585 வகுத்த எண் அது. ஸ்கிரிப்ட் பதிலைப் படிப்பதில்லை. கூப்பிட்டாலே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்கு நகரும். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எதுவும் போகாது. யார் அந்தப் பாதி என்பது நாளுக்கு நாள் மாறும். புகார் வரும்போது கையில் பிடிக்க ஒரு ஒழுங்கும் இராது.

அடுத்த சிக்கல் நேரம். 900 அழைப்புக்கு 90 விநாடி. என்ஜின்எக்ஸ் பிஎச்பியின் பதிலுக்காக 60 விநாடிதான் காத்திருக்கும். அதுவே அதன் இயல்பு அமைப்பு. 61-ஆம் விநாடி செக்ரட்டரியின் திரையில் 504, அதாவது 'பதில் வரவில்லை' என்ற பிழை. ஆனால் உள்ளே பிஎச்பி நிற்கவில்லை. எதையும் திரைக்கு எழுதாத ஸ்கிரிப்டுக்கு, எதிர்முனையில் ஆள் போய்விட்டது தெரியவே தெரியாது. பிஎச்பியின் 30 விநாடி வரம்பும் இங்கே காப்பாற்றாது. லினக்ஸில் அந்த வரம்பு நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

திரையில் பிழை தெரிந்தால் யாராயிருந்தாலும் மறுபடி அழுத்துவார்கள். அதே பிரவுசரில் அழுத்தினால் இரண்டாம் கோரிக்கை செஷன் பூட்டுக்குப் பின்னால் காத்து நிற்கும். பிஎச்பி ஒரு செஷன் கோப்பை ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைக்குத்தான் தரும். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்க, கைபேசியில் வேறு லாகின் போட்டு அங்கே ஒரு முறை அழுத்துவார். அது உடனே ஓடும். ஆக முதல் ஓட்டமும் கைபேசி ஓட்டமும் ஒன்றாக விநாடிக்கு 20 கோரிக்கை வீச, முக்கால் பங்கு மறுக்கப்படும். முதல் ஓட்டம் முடிந்ததும் பூட்டுக்குப் பின்னால் நின்றதும் ஒன்றாம் எண்ணிலிருந்து கிளம்பும். சிலருக்கு மூன்று சீட்டு, சிலருக்கு ஒன்றுமில்லை. மறுநாள் சொசைட்டி வாசலில் வரும் கேள்வி: "ஏனுங்க, ரெண்டு தடவ வந்திருக்குதே, ரெண்டு பில்லும் சேருமுங்களா?"

வழக்கமான ஒட்டு, ஐந்து அனுப்பியதும் ஒரு விநாடி தூங்கச் சொல்வது. ஐந்து அழைப்புக்கு 0.5, தூக்கம் 1, ஆக 1.5 விநாடிக்கு 5, வரம்புக்குள் அடங்கும். ஆனால் மொத்த நேரம் 270 விநாடியாகி 504 உறுதிப்படும். அதைவிட முக்கியம், அந்தத் தூக்கம் அந்த ஒரு ஸ்கிரிப்டுக்கு மட்டும் உரியது. கேட்வே எண்ணுவது சொசைட்டியின் கணக்கை (அக்கவுண்ட்) முழுவதுமாக. லாகின் ஓடிபி, பில் அறிவிப்பு, மாட்டு இன்சூரன்ஸ் நினைவூட்டல் எல்லாம் அதே கணக்கில் வேறு வேறு ஸ்கிரிப்டிலிருந்து கிளம்பும்போது, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒழுங்காகத் தூங்கியும் மொத்தம் வரம்பை உடைக்கும். இந்த ஆய்வில் எடுத்துப்போக ஒன்று உண்டென்றால் அதுதான்: வேக வரம்பு கணக்கின் சொத்து. எல்லா ஸ்கிரிப்டும் பார்க்கிற ஒரே இடத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வரிசை

பொத்தானின் வேலை டேட்டாபேஸில் 900 வரி எழுதுவதோடு முடிய வேண்டும். ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும் வேலை. திரையில் '900 வரிசையில் சேர்ந்தது' என்று காட்டலாம். அனுப்புவது பின்னணியில் ஓடும் தனி ஸ்கிரிப்டின் வேலை; அதை இனி 'ஆள்' என்போம்.

வரிசை அட்டவணையில் இவை வேண்டும்: கைபேசி எண், மொழி, செய்தி, பகுதி எண்ணிக்கை, முன்னுரிமை, அனுப்பத் தொடங்கும் நேரம், காலாவதி நேரம், நிலை, முயற்சி எண்ணிக்கை, எடுத்தவர் அடையாளம், எடுத்த நேரம், கேட்வே தந்த எண், நம்முடைய சொந்த அடையாளக் குறி. இதில் கடைசியானதே உயிர்நாடி. தேதி, வேளை, உறுப்பினர் எண், செய்தி வகை, திருத்த எண் ஐந்தையும் சேர்த்து ஒரு குறியாக்கி, ஒரே குறி இரண்டாம் முறை விழ விடாத யூனிக் இண்டெக்ஸை அதற்குப் போட வேண்டும். பிறகு பொத்தானைப் பத்துத் தடவை அழுத்தினாலும் ஒருவருக்கு ஒரு வரிதான் விழும். திருத்த எண் எதற்கு என்றால், கொழுப்பைத் தவறாக ஏற்றிவிட்டுப் பின்னால் சரிசெய்தால் இரண்டாம் சீட்டு உண்மையிலேயே போக வேண்டும்.

இரட்டை வரியைத் தவிர்க்க 'இன்சர்ட் இக்னோர்' கட்டளையைப் பலர் போடுகிறார்கள். வேண்டாம். அது இரட்டையோடு சேர்த்து மற்றப் பிழைகளையும் வெறும் எச்சரிக்கையாக்கி விழுங்கிவிடும். நீளம் மீறிய செய்தி அறுந்து உள்ளே போகும். 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' போட்டு, இருந்த மதிப்பையே திரும்ப எழுதச் சொன்னால் இரட்டை மட்டும் அமைதியாகக் கழியும்.

வேகத்தைக் காக்கும் ஒரே வரி

வரம்புக்கென்று ஒரே ஒரு வரி கொண்ட இன்னொரு அட்டவணை. அதில் 'அடுத்த இடம் காலியாகும் நேரம்' என்று ஒரு புலம். அனுப்ப நினைக்கும் எந்த ஸ்கிரிப்டும் அந்த வரியைப் பூட்டிப் படிக்கும். இப்போதைய நேரம், வரியில் உள்ள நேரம் இரண்டில் எது பிந்தியதோ அதுவே தன் முறை. அதோடு 220 மில்லிவிநாடி கூட்டித் திரும்ப எழுதி, பூட்டைத் திறந்துவிட்டு, தன் முறை வரும்வரை தூங்கி, பிறகு கேட்வேயைக் கூப்பிடும். கூப்பிடும்போது பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. கேட்வே ஒரு முறை பத்து விநாடி இழுத்தால் ஊரே நின்றுவிடும்.

விநாடிக்கு 5 என்றால் இடைவெளி 200 மில்லிவிநாடிதானே என்று கேட்கலாம். நம் பக்கம் சீராகக் கிளம்பியவை வழியில் நெருங்கிக் கேட்வேயை இரட்டையாகத் தட்டக்கூடும். பத்து சதவீதம் விட்டுவைப்பது நல்லது. 900-க்கு 198 விநாடி, மூன்றேகால் நிமிடம் சொச்சம். 'பிந்தியது எதுவோ' என்ற விதியை விட்டுவிட்டு வெறுமனே கூட்டிக்கொண்டே போனால், ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த வரியில் பழைய நேரம் கிடக்கும். காலையில் அந்தப் பாக்கியெல்லாம் ஒரே மூச்சில் வெடித்துக் கிளம்பும். சீரான இடைவெளிக்கு இன்னொரு லாபம்: கேட்வே விநாடியைக் கடிகாரப்படி எண்ணினாலும், நகரும் சாளரமாக (எந்தக் கணத்திலிருந்தும் ஒரு விநாடி) எண்ணினாலும் இரண்டிலும் தேறும்.

அந்த நேரப் புலத்தை மைக்ரோவிநாடி தாங்கும்படி, டேட்டைமில் 6 இலக்கப் பின்னத்தோடு அமைக்க வேண்டும். சும்மா டேட்டைம் என்று விட்டால் மைஎஸ்க்யூஎல் முழு விநாடிக்கு உருட்டிவிடும், 220 மில்லிவிநாடி காணாமல் போகும். நேரத்தையும் டேட்டாபேஸிடமே கேளுங்கள். பிஎச்பி ஒரு கணினியில், டேட்டாபேஸ் ஒன்றில் என்றிருந்தால் இரு கடிகாரமும் ஒத்துப்போகும் என்று நம்பக் கூடாது.

அனுப்பும் ஆள்

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை எழுப்பும் கிரான், நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் எழுப்பாது. அதனால் நிமிடந்தோறும் எழுந்து 55 விநாடி வேலை செய்துவிட்டுச் சாகிற ஸ்கிரிப்ட் போதும். நீண்ட நேரம் ஓடும் பிஎச்பியில் நினைவகம் வீங்குவது, டேட்டாபேஸ் இணைப்பு அறுவது போன்ற தலைவலியெல்லாம் அந்தச் சாவிலேயே தீர்ந்துவிடும். இரண்டு பிரதி ஒன்றாக ஓடாமலிருக்க ஃப்ளாக் (flock) என்ற பூட்டுக் கட்டளையைக் காத்திராத முறையில் முன்னால் வைக்க வேண்டும். 'பூட்டுக் கோப்பு இருக்கிறதா' என்று கையால் சோதிக்கும் பழைய வழியில், ஸ்கிரிப்ட் நடுவில் செத்தால் கோப்பு கிடந்து மறுநாள் வரை ஒன்றும் போகாது. ஃப்ளாக் பூட்டை, ஸ்கிரிப்ட் செத்தவுடன் கெர்னலே விடுவித்துவிடும். விலைகுறைந்த ஹோஸ்டிங்கில் கிரான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் என்றிருந்தால், ஆயுளை 4 நிமிடம் 50 விநாடியாக்கிக்கொள்ளலாம்.

கேட்வே 0.1 விநாடியில் பதில் சொல்லும்வரை ஒரு ஆள் போதும். அது 0.5 விநாடியானால் ஒரு ஆளால் விநாடிக்கு 2-க்கு மேல் முடியாது. விநாடிக்கு 4.5 வேண்டுமென்றால் 4.5-ஐ 0.5-ஆல் பெருக்கி வரும் 2.25-ஐ மேலே உருட்டி, ஆளுக்கொரு ஃப்ளாக் பூட்டோடு மூன்று ஆள் வைக்க வேண்டும். வரம்பு ஒரே வரியில் இருப்பதால் ஆளைக் கூட்டினாலும் வேகம் மீறாது. இரண்டு பேர் ஒரே செய்தியை எடுக்காதிருக்க, மைஎஸ்க்யூஎல் 8.0-இல் வந்த, பிறர் பூட்டிய வரியைத் தாண்டிப்போகும் 'ஸ்கிப் லாக்ட்' இருக்கிறது. பழைய பதிப்பென்றால், காத்திருக்கும் வரி ஒன்றில் தன் அடையாளத்தை அப்டேட் கட்டளையால் முதலில் பதித்துவிட்டு, பிறகு அந்த அடையாளம் உள்ளதை எடுத்துப் படிக்கலாம்.

எடுக்கும் ஒழுங்கு: முன்னுரிமை, பிறகு வரிசையில் சேர்ந்த நேரம். உறுப்பினர் எண்படி எடுத்தால் தினமும் ஒரே ஆட்கள் கடைசியில் நிற்பார்கள். லாகின் ஓடிபி எப்போதும் முன்னால். 900 சீட்டு ஓடும் நடுவிலும் அதற்கு அடுத்த 220 மில்லிவிநாடியில் இடம் கிடைக்கும்.

உண்மையில், ஒவ்வொருவர் பாலும் அளந்து முடிந்தவுடனே வரிசையில் போட்டுவிட்டால் இரண்டு மணி நேரத்தில் 900, அதாவது 8 விநாடிக்கு ஒன்று. வரம்பே கண்ணில் படாது. பாதிச் சிக்கலை உண்டாக்குவது அந்தப் பொத்தான்தான். ஆனாலும் வரம்பு வரி வேண்டும். மையத்தில் நெட் போய் எட்டு மணிக்கு மொத்தமாக வந்து விழும் நாளும், பில் நாளும் உண்டு.

பதில் எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழக்கம்

429 வந்தால் கூடவே 'ரிட்ரை ஆஃப்டர்' தலைப்பு வரக்கூடும். விநாடியாகவோ முழுத் தேதியாகவோ இருக்கலாம். அந்த ஒரு செய்தியை மட்டும் ஒத்திவைத்தால் மற்ற ஆட்கள் தொடர்ந்து தட்டிக்கொண்டிருப்பார்கள். வரம்பு வரியிலுள்ள நேரத்தையே அவ்வளவு தள்ளிப்போட வேண்டும். செய்தியின் முயற்சி எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. தவறு செய்தியுடையது அல்ல.

500-இல் தொடங்கும் சர்வர் பிழைகளுக்கு 30, 60, 120 விநாடி என இரட்டித்து, ஒவ்வொன்றோடும் கொஞ்சம் தற்செயல் நேரம் சேர்த்து மறுமுயற்சி. தவறான எண், டெம்ப்ளேட் (முன்கூட்டிப் பதிந்த செய்தி மாதிரி) பொருந்தவில்லை என்பவற்றுக்கு மறுமுயற்சி வீண். 'பேலன்ஸ் இல்லை' என்று வந்தால் வரிசையை முழுக்க நிறுத்துங்கள். இல்லையென்றால் மூன்று நிமிடத்தில் 900-ம் தோல்வி என்று குறிக்கப்பட்டு, ரீசார்ஜ் செய்தபின் எழுப்ப ஆளிராது. இன்னொன்று: 'சரி' என்று பொருள்படும் 200-ஐத் தந்து, பதிலின் உள்ளடக்கத்தில் பிழையை எழுதி அனுப்பும் கேட்வேக்கள் உண்டு. எண்ணை மட்டும் பார்த்து நம்பாதீர்கள்.

பிஎச்பி கேட்வேயைக் கூப்பிடப் பயன்படுத்தும் கர்ல் நூலகம் இணைப்புக்காக இயல்பில் 300 விநாடி காத்திருக்கும். மொத்த நேரத்துக்கு வரம்பே இல்லை. இணைப்புக்கு 5, மொத்தத்துக்கு 15 என்று வைத்துவிட வேண்டும். 15 விநாடியில் அறுந்த செய்தி போனதா போகவில்லையா என்பது யாருக்கும் தெரியாது. இதற்கு 'ஐயம்' என்று தனி நிலை வேண்டும். நம் அடையாளக் குறியை வைத்துக் கேட்வேயிடம் நிலை கேட்க முடிந்தால் கேட்கலாம். முடியாவிட்டால் பால் சீட்டை விட்டுவிடலாம். பணம் வரவு வைத்த செய்தியை மட்டும் செக்ரட்டரி பார்த்து முடிவெடுக்கட்டும். 'எடுத்தாயிற்று' என்ற நிலையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடக்கும் வரிகளும் ஐயத்துக்கே போக வேண்டும், தானாகக் காத்திருப்புக்குத் திரும்பக் கூடாது. ஸ்கிரிப்ட் அனுப்பிய பிறகு செத்ததா, அனுப்பும் முன்பா என்பதற்குச் சாட்சி இல்லை.

எழுத்தெண்ணி அனுப்புவது

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. தமிழோ மலையாளமோ ஒரு எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடாகி 70 ஆகிவிடும்; தாண்டினால் பகுதிக்கு 67. ஆங்கிலச் செய்தியில் ₹ குறி ஒன்று போட்டாலும் இதே கதி. எஸ்எம்எஸ்ஸின் அடிப்படை எழுத்துத் தொகுப்பான ஜிஎஸ்எம் 7-பிட் அட்டவணையில் அது இல்லை. கணக்கும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கு அல்ல, யூனிகோடு அலகுக்கு. 'பால்' என்பது நான்கு. இந்தச் சீட்டைப் பாருங்கள்:

எண் 412 காலை 7.5லி கொழுப்பு 4.1 எஸ்என்எஃப் 8.3 ரூ.312.75 பால் சங்கம்

சரியாக 68 அலகு. ஒரே பகுதி. இனி 1044-ஆம் எண்காரர் 31.5 லிட்டர் ஊற்றி 1313.55 ரூபாய் வந்தால் மூன்று இலக்கம் கூடி 71. இரண்டு பகுதி, இரட்டைக் காசு. சோதனையில் சிறிய எண்களை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது பில் வந்த பிறகுதான் தெரியும். 'கொழுப்பு' எட்டு அலகு, 'ஃபேட்' ஐந்து. மாற்றினால் பெரிய பண்ணைக்காரருக்கும் 68-இல் அடங்கும். சொசைட்டியில் எல்லோரும் ஃபேட் என்றுதான் சொல்கிறார்கள். கேட்வே வரம்பைப் பகுதிக்கு எண்ணினால், இரண்டு பகுதிச் செய்தி 440 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டவணையில் பகுதி எண்ணிக்கைக்கு ஒரு புலம் வைத்தது இதற்குத்தான்.

பிஎச்பியில் நீளம் எண்ணும் எஸ்டிஆர்லென் பைட்டை எண்ணும். தமிழ் அலகு ஒன்றுக்கு மூன்று பைட், அந்த எண்ணால் பயனில்லை. யுடிஎஃப்-16-க்கு மாற்றி, பைட்டை இரண்டால் வகுத்தால் சரியான கணக்கு. அதற்கு முன் என்எஃப்சி என்ற யூனிகோடின் சேர்ந்த வடிவுக்கு ஒழுங்குபடுத்துவதும் அவசியம்: 'கொ' சில விசைப்பலகைகளில் க, ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று அலகாக விழும், சரியாக இருந்தால் இரண்டு. மலையாளத்தில் சில்லெழுத்துக்கு (தனி வடிவுள்ள மெய்யெழுத்து) யூனிகோடு 5.1 முதல் ஒரே அலகு. பழைய முறையில் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்றது), கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என மூன்று.

இந்த வேறுபாடு காசோடு நிற்பதில்லை. டிராயின் 2018 விதிகளின்படி நிறுவனம், அனுப்புநர் பெயராகத் தெரியும் ஆறெழுத்துத் தலைப்பு, செய்தி டெம்ப்ளேட் மூன்றும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவேடான டிஎல்டி தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிந்ததோடு பொருந்தாத செய்தி வழியிலேயே விழும். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தும் அலகு வேறாக இருந்து விழுவதைத் தேடிக் கண்டுபிடிப்பது நரகம். டெம்ப்ளேட்டைத் தளத்திலிருந்து நகலெடுத்து ஸ்கிரிப்டில் ஒட்டுங்கள். திரும்பத் தட்டச்சு செய்யாதீர்கள். தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று எனத் தனித்தனிப் பதிவு. தீவனத் தள்ளுபடி போன்ற விளம்பரத்தை இதே டெம்ப்ளேட் வகையில் நுழைக்கவும் முடியாது. அது வேறு வகை, காலை 10 முதல் இரவு 9 வரைதான், விளம்பரம் வேண்டாம் என்று டிஎன்டி பதிந்தவர்களுக்குப் போகாது.

எல்லைப்புறத்தில் இன்னொரு பழக்கம்: பொள்ளாச்சிப் பக்கம் வாங்கிய சிம் என்று எண்ணின் முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்துப் பிரித்து வேறு வழியில் அனுப்புவது. 2015 ஜூலை முதல் நாடு முழுக்க எண்ணை மாற்றாமலே கைபேசி நிறுவனத்தையும் தொலைத்தொடர்பு வட்டத்தையும் மாற்றிக்கொள்ளலாம். முன்னிலக்கம் இப்போது எதையும் சொல்வதில்லை.

காலாவதி

மாலைச் சீட்டுக்குப் பிறகு வரும் காலைச் சீட்டு, வராததைவிடக் குழப்பம் தரும். காலைக்கு மதியம் 1 மணி, மாலைக்கு இரவு 9.30 என்று வைத்து, தாண்டியவற்றை அனுப்பாமலே முடிக்கலாம். இது நம் வாசல் வரைக்கும்தான். போன் அணைந்திருந்தால் ஆபரேட்டரின் எஸ்எம்எஸ் மையத்தில் செய்தி காத்துக்கிடக்கும். கேட்வே ஆயுட்கால அளவுருவை ஏற்றால் அதையும் அனுப்புங்கள். சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழியும். மதியம் 1 மணி அங்கே 7.30. அந்த அரை மணியை மறந்து வெறும் ஐந்து மணி கழித்தவர்கள் உண்டு. சேமிப்பது முழுக்க யுடிசியில், காட்டும்போது மட்டும் 'ஏசியா கொல்கத்தா' என்று வைத்துக்கொண்டால் தொல்லையில்லை.

டெலிவரி அறிக்கை நம் சர்வரின் ஒரு முகவரிக்குத் திரும்ப வரும். அதைப் பெறும் பக்கம் எழுதிவிட்டு உடனே 200 சொல்ல வேண்டும், வேறு வேலை கூடாது. சில நேரம் கேட்வே தந்த எண்ணை நம் ஆள் சேமிக்கும் முன்பே அறிக்கை வந்துவிடும். அதனால் நம் குறியை வைத்தே பொருத்துங்கள். வரிசையில் மிகப் பழைய காத்திருப்பு பத்து நிமிடத்தைத் தாண்டினால் செக்ரட்டரியின் திரையில் சிவப்பாகக் காட்டலாம். இந்த எச்சரிக்கையை எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப ஏற்பாடு செய்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் அதே வரிசையில்தான் போய் நிற்கும்.

சோதனைக்குப் பால்காரர்களைப் பயன்படுத்த வேண்டாம். விநாடிக்கு ஐந்தைத் தாண்டினால் 429, பத்தில் ஒன்றுக்கு 20 விநாடி மௌனம், நூற்றில் ஒன்றுக்கு 500 தரும் போலிக் கேட்வேயை இருபது வரி பிஎச்பியில் எழுதிவிடலாம். அதன் மீது 900 வரியை மூன்று ஆளோடு ஓட்டி, நடுவில் ஒரு ஆளைக் கொன்று, பொத்தானை இரண்டு பிரவுசரில் அழுத்திப் பாருங்கள். போலிக் கேட்வேயின் பதிவில் எந்த ஒரு விநாடியிலும் ஐந்தைத் தாண்டக் கூடாது. ஒரே குறி, 500 சொல்லித் திருப்பியவை தவிர, இரண்டு முறை வரக் கூடாது. ஐயத்தில் விழுந்தவை மௌனங்களோடும் கொன்ற ஆளின் கையிலிருந்ததோடும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். மூன்றும் தேறினால் முதலில் ஒரே ஒரு மையத்தின் காலை வேளையை மட்டும் புது வரிசைக்கு மாற்றி, முன்பு வேலை செய்த பக்கத்தை அந்த மையத்துக்கு மூடிவிடுங்கள்.